38 வயதில் சிலம்பம் தொடங்குகிறேன், 9 வயது மகளும் உடன் வருகிறாள்: முதல் சில மாதங்கள் எப்படி இருக்கும்?

நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். என் தாத்தா மாட்டுப் பொங்கலன்று மாலை ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் கம்பு சுற்றுவார். கம்பின் உருவம் தெரியாது, விர்ரென்ற ஓசை மட்டும் கேட்கும். என் அப்பா அதைக் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கும் கேட்டுக் கற்க வேண்டும் என்று தோன்றவில்லை. 2009-இல் தாத்தா காலமானபோது அவருடைய கம்பையும் உடன் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் வைத்துவிட்டார்கள். வீட்டில் இப்போது ஒரு புகைப்படம்கூட இல்லை.

போன மாதம் என் மகள் பள்ளி ஆண்டுவிழாவில் சிலம்பம் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் வேண்டும் என்று கேட்டாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு திடலில் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை ஓர் ஆசான் சொல்லித் தருகிறார். அவளைச் சேர்க்கப் போனேன். "நீங்களும் வாருங்கள்" என்றார். வரும் விஜயதசமியன்று இருவரும் சேர்வதாகச் சொல்லிவிட்டேன்.

இப்போது தயக்கமாக இருக்கிறது. முதல் நாள் என்ன நடக்கும்? கம்பை முன்பே வாங்கிப் போக வேண்டுமா? அடிபடுமா? தினமும் பத்து மணி நேரம் நின்று வேலை பார்ப்பவன் நான். முழங்கால் தாங்குமா? எத்தனை நாளில் ஓரளவு சுற்றலாம்? கற்றுத் தருபவர்களும் கற்றவர்களும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

களத்துமேடு

வாருங்கள் தம்பி. மதுரைப் பக்கம் 22 வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தாத்தாவின் கம்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆசானுக்கும் அப்படித்தான் செய்தோம்.

கம்பு வாங்காதீர்கள். சேரும் முன்பே கடையில் வாங்கி வருபவர்களின் கம்பு பெரும்பாலும் நீளத்திலோ எடையிலோ தவறாக இருக்கும். நிமிர்ந்து நின்றால் கம்பு உங்கள் நெற்றிக்கு வர வேண்டும், புருவ நடுவோடு நின்றாலும் குற்றமில்லை. உங்கள் மகளுக்கு அவளுடைய நெற்றிதான் அளவு. வளரும் பிள்ளை என்பதால் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பு மாறும். "வளர்ந்த பிறகும் உதவட்டும்" என்று பெரிய கம்பாக எடுத்துக் கொடுக்கும் பெற்றோர் பலர். அது பிள்ளையின் தோளைக் கெடுக்கும். கனத்தைப் பொறுத்தவரை ஆசான் சொல்வதைக் கேளுங்கள். தொடக்கத்தில் மெல்லிய பிரம்புதான் நல்லது. மூங்கில் பிளந்தால் சிம்பு கத்தி போல் நிற்கும், பிரம்பு நாராகத்தான் பிரியும். மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நீர்ப்பரப்பில் அடித்துப் பதப்படுத்தி, நுனியில் பூண் கட்டிப் பயன்படுத்துவதெல்லாம் பிற்பாடு நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

முதல் நாள் கையில் கம்பு கிடைக்காமல் போகலாம். என் திடலில் பெரியவர்களுக்கு முதல் 20 நாட்கள் கம்பு கிடையாது. வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணை வைத்து வணங்கி மண்ணைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அதன் பிறகு காலடிதான். ஒரு காலை முன்வைப்பது, பின்வாங்குவது, பக்கவாட்டில் ஏறுவது, குதிகாலை ஊன்றித் திரும்புவது, நான்கு திசைக்கும் அதையே செய்வது. வெறுங்கையோடு ஒன்றரை மணி நேரம் இது நடக்கும். பக்கத்தில் பத்து வயதுப் பையன் இரட்டைக் கம்பு வீசிக்கொண்டிருப்பான், நீங்கள் மண்ணைப் பார்த்தபடி கால் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஐந்தாம் நாள் போல "இதற்கா வந்தோம்" என்று தோன்றும். வருபவர்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்ப்பவர்களுக்குக் கை சுற்றுவதாகத்தான் தெரியும். கால் திரும்ப வேண்டும், காலோடு இடுப்பு வர வேண்டும், இடுப்போடு தோள் வர வேண்டும், கம்பு கடைசியில்தான் வரும். கையை மட்டும் சுழற்றுபவர் பத்து நிமிடத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எதிரே இன்னொருவர் கம்போடு நிற்கும்போது அடி எட்டுமா எட்டாதா என்பதும் காலில்தான் இருக்கிறது. அரை அடி பின்வாங்கத் தெரிந்தவனுக்குப் பாதித் தற்காப்பு கைவந்துவிட்டது. கம்பைச் சுற்றியபடியே காலடிகளைக் கோத்து ஆடுவதை வீடு கட்டி ஆடுவது என்போம், அதெல்லாம் இந்தக் காலடியின் மீதுதான் நிற்கிறது.

அடிபடும். எதிராளி அடிப்பது வெகு நாள் கழித்துத்தான். அதுவரை உங்கள் கம்பே உங்களை அடிக்கும். கணுக்கால் மொளி, முழங்கை, காதுக்கு மேலே தலை, இந்த மூன்று இடங்களும் முதல் மாதத்தில் கம்பின் ருசி பார்த்தே தீரும். மெதுவாகச் சுற்றும்போது பட்டால் வீக்கத்தோடு போய்விடும். வேகம் காட்ட நினைத்துப் பட்டால் தையல் போட நேரும். ஆசான் மெதுவாக என்று சொன்னால் மெதுவாகவே செய்யுங்கள்.

அடையாறு ஆலமரம்

நான் 11 வருடங்கள் கராத்தே பயின்றவள். 34 வயதில் சிலம்பத்துக்கு வந்தேன். களத்துமேடு ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதி சரி. ஆனால் அந்த 20 நாள் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை, மன்னியுங்கள்.

கராத்தேயில் முதல் நாளே நிலையும் குத்தும் சேர்த்துத்தான் கற்றுத் தந்தார்கள். கால் எதற்காக அப்படி நிற்கிறது என்பது கை ஒரு வேலையைச் செய்யும்போதுதான் புரிகிறது. நான் சிலம்பம் சேர்ந்த திடலில் முதல் மூன்று வாரம் வெறும் காலடி. எனக்கு அதன் பொருளே விளங்கவில்லை. நான்காம் வாரம் கம்பைக் கொடுத்ததும் அதுவரை கற்ற காலடி முழுவதும் குழம்பிப் போயிற்று, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். தினமும் பத்து நிமிடமாவது கம்பைக் கையில் கொடுத்துவிட்டு மீதி நேரம் காலடி வைத்திருந்தால் அந்த மூன்று வாரம் வீணாகியிருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

கராத்தேயிலிருந்து வரும்போது எனக்கு இன்னொன்றும் புதிதாக இருந்தது. அங்கே வெள்ளைப் பட்டை முதல் கறுப்புப் பட்டை வரை ஏணி கண்ணுக்குத் தெரியும். எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த தேர்வு எப்போது என்பது தெரியும். சில சிலம்பப் பள்ளிகளும் இப்போது பட்டை கொடுக்கின்றன. மரபான திடல்களில் அது கிடையாது. ஆசான் ஒருநாள் "நாளையிலிருந்து அடுத்த வரிசைக்கு வா" என்பார், அவ்வளவுதான். நான் நன்றாகச் செய்கிறேனா என்று தெரியாமலே ஏழு மாதம் போயிற்று. வருபவர்கள் இதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு வர வேண்டும்.

களத்துமேடு

சகோதரி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளுக்கு நானும் முதல் நாளே இலேசான கம்பு கொடுத்துவிடுகிறேன். கொடுக்காவிட்டால் மறுநாள் வரமாட்டார்கள். பெரியவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்றால், அவர்கள் கையில் பலம் இருக்கிறது. கால் பழகும் முன்பே கையின் பலத்தால் சுற்றப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பிறகு உடைப்பது கடினம். இப்படி மூன்று வருடம் போராடிய மாணவர்கள் எனக்கு உண்டு. காலடி எதற்கென்று சொல்லாமல் செய்யச் சொன்னது உங்கள் ஆசானின் குறை. நான் முதல் நாளே எதிரில் கம்போடு நின்று காட்டிவிடுவேன். "இப்போது கால் எடுக்காவிட்டால் இந்த அடி எங்கே விழும் பார்" என்பேன். பிறகு யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

20 நாள் என்பதைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

காவிரிப்பாலம்

திருச்சியில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். சிலம்பம் பயிலும் பலர் என்னிடம் வருகிறார்கள். நொய்யல்கரை கேட்ட முழங்காலைப் பற்றி எழுதுகிறேன்.

பத்து மணி நேரம் நின்று பார்க்கும் வேலை முழங்காலைப் பலப்படுத்துவதில்லை, களைக்கத்தான் செய்கிறது. சேர இன்னும் நாள் இருக்கிறதே, இன்று முதலே தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை 15 முறை, இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். படியோரத்தில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். காலடியில் குதிகால் ஊன்றித் திரும்பும்போது பாதம் மண்ணில் ஒட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் முறுக்கினால்தான் ஆபத்து. வெறுங்காலோடு மணலிலோ மண்ணிலோ பழகுவதில் அந்தத் தொல்லை குறைவு. சிமெண்டுத் தரையில் ரப்பர் அடிச் செருப்போடு திரும்பாதீர்கள்.

முதல் வகுப்பு முடிந்த அன்று பெரிதாக வலிக்காது. மறுநாள் வலிக்கத் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். தொடை, கெண்டைக்கால், தோள்பட்டையின் பின்புறம் எல்லாம் கனக்கும். அது தசை புது வேலைக்குப் பழகும் வலி, ஐந்தாறு நாளில் தானே அடங்கும். அதற்குப் பயந்து வகுப்பை நிறுத்த வேண்டாம், இலேசாக உடலை அசைத்துக்கொண்டிருந்தால் விரைவில் விடும்.

வேறு வகை வலியும் உண்டு. மூட்டுக்குள் குத்துவது, ஒரே புள்ளியில் சுருக்கென்று இழுப்பது, இரவில் எழுப்பிவிடுவது, வீங்கி நிற்பது. இவற்றைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். முழங்கையின் வெளிப்புறமும் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கமும் சிலம்பக்காரர்களுக்கு அதிகம் கெடும் இடங்கள். தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அத்தனை விரைவாகப் பெறாது. இரண்டாம் மாதத்தில் "இப்போது பலம் வந்துவிட்டது" என்று நேரத்தை இரட்டிப்பாக்கும்போதுதான் என்னிடம் வருகிறார்கள். கம்பை இறுக்கிப் பிடிப்பதும் ஒரு காரணம். வாத்தியார்கள் "கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடி" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், மருத்துவமும் அதையேதான் சொல்கிறது.

கையில் கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள். சுத்தம் செய்து துணி கட்டி இரண்டு நாள் கம்பைத் தொடாமல் காலடி மட்டும் செய்யுங்கள். 38 வயது ஆகிறது, சேரும் முன் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. ஒரே மாலையில் இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. காவிரிப்பாலம் அவர்கள் சொன்ன நாற்காலிப் பயிற்சியை இன்று காலையே தொடங்கிவிட்டேன், மகளும் கூடச் சேர்ந்து எண்ணினாள்.

இன்னொரு கேள்வி. அந்த ஆசானிடம் போகலாமா என்று எப்படி முடிவு செய்வது? என்னைப் போல் ஒன்றும் தெரியாதவன் எதைப் பார்க்க வேண்டும்?

இரு மகள்களின் தாய்

இதற்குத்தான் காத்திருந்தேன் சகோதரரே. நான் கோவை. என் மூத்தவள் எட்டு வயதில் சிலம்பம் சேர்ந்தாள், பத்து வயதில் விட்டுவிட்டாள். அவளாக விடவில்லை, நாங்கள்தான் விட வைத்தோம் என்று இப்போது தெரிகிறது.

சேர்ந்த ஐந்தாம் மாதம் "உலக சாதனை நிகழ்ச்சி" என்றார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் தொடர்ந்து மூன்று மணி நேரம் கம்பு சுற்ற வேண்டும். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டணம், உடைக்குத் தனியாகப் பணம். நாங்களும் பெருமையாகத்தான் கட்டினோம். ஏப்ரல் மாதம், காலை ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டியது, விருந்தினர் வரத் தாமதமாகிப் பத்தரைக்குத் தொடங்கினார்கள். தார் பூசிய தரை. பிள்ளைகள் வெறுங்காலோடு நின்றார்கள். என் மகள் இரண்டாவது மணி நேரத்தில் அழுதுகொண்டே சுற்றினாள். கையை நிறுத்தினால் சாதனை போய்விடும் என்று ஒருவர் வரிசைக்கு வரிசை கத்திக்கொண்டே போனார். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சி என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது, ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்க முடியவில்லை.

சான்றிதழும் பதக்கமும் வந்தன. அதன் பின் இரண்டு மாதம் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். பிறகு போக மாட்டேன் என்றாள்.

ஆகவே எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்களே, அவர் சுவரில் எத்தனை சாதனைச் சான்றிதழ் தொங்குகிறது என்பதைப் பார்க்காதீர்கள். மூன்று வருடத்துக்கு மேல் பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் குடிக்க அவர்களாகப் போகிறார்களா, அனுமதி கேட்டுப் பயந்து நிற்கிறார்களா என்று பாருங்கள். பெற்றோர் எந்த நாளும் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்பதால் சொல்கிறேன், நிலை திருத்தும்போது எப்படித் தொடுகிறார், கம்பு நுனியால் காட்டித் திருத்துகிறாரா, மூத்த மாணவிகள் இருக்கிறார்களா என்பதையெல்லாம் குறைந்தது ஒரு வாரம் கவனியுங்கள்.

காவிரிப்பாலம்

சகோதரி எழுதியதற்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வளரும் பிள்ளைகளின் மணிக்கட்டு எலும்பில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், இன்னும் மூடியிருக்காது. ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்தால் அந்த இடம்தான் முதலில் பாதிக்கப்படும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இடைவெளியோடு ஒரு மணி நேரம் போதும். மூன்று மணி நேரம் தொடர்ந்து சுற்றச் சொல்லும் எந்த நிகழ்ச்சிக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

வைகை வடகரை

சாதனை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழே வேண்டாம் என்பது போல் பேச்சு போகிறது. என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு, ஏழு வருடமாகச் சிலம்பம் பயில்கிறான். எங்கள் வீட்டில் வேறு பின்புலம் கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு வழி. இதை நம்பிக் கற்பவர்களைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

புதிதாகச் சேர்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. ஏதோ ஓர் அமைப்பு "தேசியப் போட்டி" என்று பெயர் வைத்து மண்டபத்தில் நடத்திக் கொடுக்கும் தாளுக்கும், அரசு ஏற்கும் போட்டிக்கும் வேறுபாடு இருக்கிறது. பணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். நான் முதல் இரண்டு வருடம் கேட்காமல் கட்டினேன். ஒன்பது சான்றிதழ்கள் இருக்கின்றன, ஒன்றும் எங்கும் செல்லவில்லை.

இரு மகள்களின் தாய்

வைகை வடகரை அண்ணா, உங்கள் பையனைத் தாழ்வாக நினைத்து எழுதவில்லை. ஏழு வருடம் நின்றிருக்கிறானே, அதுதான் என் மகளுக்குக் கிடைக்காமல் போனது. நீங்கள் கடைசியில் சொன்ன விவரம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேணாட்டுச் சுவடு

நாகர்கோவிலிலிருந்து. எங்கள் பக்கம் அடிமுறை என்னும் தற்காப்புக் கலை. கம்பு அதில் ஒரு பகுதி. சுவடு என்னும் காலடி முறை பழகி, வெறுங்கை முறைகள் பழகி, பிறகுதான் கம்பு வரும். ஆகவே களத்துமேடு ஆசானின் 20 நாள் எங்களுக்குக் குறைவாகவே தெரிகிறது.

ஆசானைத் தெரிந்தெடுப்பது பற்றி இரண்டு சொல்லட்டுமா. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் தயங்காமல் தன் ஆசானின் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். மழுப்புபவரிடம் சேராதீர்கள். இரண்டாவது, உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைக் கையாளும் வர்மம். புதிதாக வரும் இளைஞர்கள் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறார்கள், விரல் வைத்தால் ஆள் விழுவானா என்று. முதல் மாதத்திலேயே வர்மம் சொல்லித் தருகிறேன் என்று பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆசான்கள் அதை மாணவனின் குணம் பார்த்து, பல வருடம் கழித்து, அதுவும் வைத்தியத்தோடு சேர்த்துத்தான் தருவார்கள். கலைத்துப் போடக் கற்பவன் சேர்த்துக் கட்டவும் கற்க வேண்டும் என்பதால்.

அடி வாங்குவது பற்றி யாரும் எழுதவில்லை. பழைய திடல்களில் தவறு செய்தால் ஆசான் கம்பால் காலில் ஒன்று போடுவார். நானும் வாங்கி வளர்ந்தவன்தான். "அப்படி அடித்தால்தான் வரும்" என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னோடு சேர்ந்த 14 பேரில் நான் மட்டும் மிஞ்சினேன். மற்ற 13 பேரில் என்னைவிட நன்றாகச் சுவடு வைத்தவர்கள் இருந்தார்கள். அந்த அடி அவர்களை விரட்டிவிட்டது.

கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து வணக்கம். இங்கே தோட்டங்களில் வேலை பார்த்த நம் தாத்தாக்களோடு வந்த சிலம்பம் இன்றும் இருக்கிறது. நான் 45 வயதில் தொடங்கினேன், இப்போது 49. வயதைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

என் வேகம் என்னோடு சேர்ந்த பதினைந்து வயதுப் பையன்களின் வேகத்தில் பாதி. அலங்கார வீச்சில் அவர்களை எட்ட முடியாது. ஆனால் இருவர் எதிரெதிரே நின்று, கம்பால் எதிராளியைத் தொடும் தொடுமுறை ஆடும்போது அவர்கள் அவசரப்படுவார்கள், நான் காத்திருப்பேன். நெஞ்சில் இரண்டு தொடு வாங்கினால் நானும் ஒன்று வைத்துவிடுவேன். இடது கைதான் என்னைப் படுத்திவிட்டது. வலது கைக்கு ஒரு மாதத்தில் வந்தது, இடது கைக்கு ஐந்து மாதம் பிடித்தது. இடது கையால் பல் துலக்கிப் பழகு என்று ஆசான் சொன்னார், செய்தேன், பலன் இருந்தது.

நொய்யல்கரை

சேர்ந்து எட்டு நாள் ஆயிற்று. நடந்ததை எழுதுகிறேன்.

விஜயதசமியன்று தட்டு வைத்து வணங்கினோம். ஆசான் திடலிலிருந்த கம்புகள் அத்தனைக்கும் சந்தனம் வைத்திருந்தார். தன் ஆசானின் பெயரையும் ஊரையும் நான் கேட்கும் முன்பே சொல்லி, அவரை நினைத்துக் கும்பிடச் சொன்னார். மகளுக்கு அன்றே சிறு பிரம்பு கொடுத்தார். எனக்குக் காலடி. மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, காவிரிப்பாலம் எழுதியது நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நாள் வேலை முடித்துப் போகும்போது இன்று வேண்டாம் என்றே தோன்றியது. களத்துமேடு ஐயா அந்த நாளையே குறிப்பிட்டு எழுதியிருந்ததால் போனேன்.

ஒரு சந்தேகம். கம்பு கிடைத்த பின் வீட்டில் எங்கே பழகுவது? எங்களுடையது சிறிய வாடகை வீடு. பஸ்ஸில் கம்பைக் கொண்டு போக விடுவார்களா?

அடையாறு ஆலமரம்

வீட்டுக்குள் வேண்டாம். மின்விசிறியும் குழல்விளக்கும் இருக்கும் அறையில் ஐந்தரை அடிக் கம்புக்கு இடமில்லை. மொட்டை மாடியில் மின்கம்பி ஏதும் அருகில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குழந்தைகள் வரும் கதவைத் தாழிட்டுவிட்டுச் செய்யுங்கள். கம்பைப் போல இரண்டு மடங்கு நீளம் எல்லாப் பக்கமும் வெற்றிடம் வேண்டும். பஸ்ஸில் கூட்ட நேரத்தில் நடத்துநர்கள் ஏற்ற மறுப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பலரும் கம்பைத் திடலிலேயே வைத்துவிட்டு வருகிறோம். வீட்டில் காலடி மட்டும் போதும்.

நொய்யல்கரை

மூன்று மாதம் முடிந்துவிட்டது. இந்த இழையைப் புதிதாக வருபவர்கள் படிப்பார்கள் என்பதால் தொடர்கிறேன்.

எனக்கு 16-ஆம் நாள் கம்பு கிடைத்தது. கணுக்காலில் ஆறேழு முறையும் காதோரம் இரண்டு முறையும் பட்டது. கொப்புளம் வந்து காய்ந்து அந்த இடம் தடித்துவிட்டது. முன்புறம் எட்டுப் போட்டுச் சுற்றுவது வருகிறது. பின்புறம் கொண்டு போகும்போது இன்னும் தோளில் இடிக்கிறது. இடது கையால் பல் துலக்குகிறேன்.

ஆசான் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றச் சொன்னார். சிலம்புதல் என்றால் ஒலித்தல், ஓசையைக் கேள் என்றார். கம்பு சரியாகப் போனால் இரு பக்கமும் ஒரே ஓசை வரும், கை தடுமாறினால் ஒரு பக்கம் மட்டும் அமுங்கும். அன்று எனக்கு நாலைந்து சுற்று தொடர்ந்து அந்த விர் வந்தது. பின்னர் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தபோது ஆசான் அடுத்த வரிசைக்குப் போய்விட்டிருந்தார். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மந்தையில் மகள் சுற்றினாள். தாத்தாவோடு ஆடிய ஒரு பெரியவர் இன்னும் இருக்கிறார், 80 தாண்டியவர். அவர் எழுந்து வந்து அவளுடைய பின்காலைத் தன் ஊன்றுகோலால் தொட்டு அரையடி நகர்த்திவிட்டுப் போய் உட்கார்ந்தார். தாத்தாவும் அங்கேதான் கால் வைப்பார் என்றார்.

இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. மகளுடைய கம்பில் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி மயிரிழை போல ஒரு கீறல் தெரிகிறது. நேற்றுவரை இல்லை. துணி சுற்றிப் பயன்படுத்தலாமா?

களத்துமேடு

கூடாது தம்பி. துணி சுற்றினால் கீறல் வளர்வது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சுழலும்போது முறிந்து பக்கத்துப் பிள்ளையின் மேல் பாயும். இன்றே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி நெற்றி உயரத்தை இங்கே எழுதுங்கள். எங்கள் திடல் பிள்ளைகளுக்காக வரும் வெள்ளிக்கிழமை பிரம்பு எடுக்கப் போகிறேன், அவளுக்கும் ஒன்று பார்த்து எடுத்து அனுப்புகிறேன்.

நொய்யல்கரை

இப்போதுதான் அளந்தேன் ஐயா. தரையிலிருந்து நெற்றிக்கு 4 அடி 1 அங்குலம்.